கான்விக்ட் தொட்டியில் கெளுத்தி: 18 மாத அனுபவம்

சிக்லிட் (முட்டையையும் குஞ்சையும் காவல் காக்கும் மீன் குடும்பம்) தொட்டியின் அடியில் நாலு கெளுத்தியை விடு, அது பாட்டுக்கு மிச்சத் தீனியைத் தின்றுகொண்டு கிடக்கும், சிக்லிட் நடுத்தண்ணீரில் திரியும், ஒன்றின் வழிக்கு இன்னொன்று போகாது. மீன் வளர்க்கிறவர்கள் மத்தியில் இந்தப் பேச்சு ரொம்ப நாளாக இருக்கிறது. நானும் அதை நம்பித்தான் தொட்டியை அமைத்தேன். அந்த நம்பிக்கையில் மூன்று கோரிடோரஸ் (சின்னக் கெளுத்தி வகை) செத்தன, இன்னொன்றுக்கு இரண்டு கண்ணும் போனது. என்ன நடந்தது, என் கணக்கு எங்கே தப்பியது, அப்புறம் அதே தொட்டியில் வேறு கெளுத்தி எப்படி நிலைத்தது என்பதை, அப்போதைக்கு அப்போது குறித்து வைத்த நோட்டைப் பார்த்து எழுதுகிறேன்.

தொட்டி 4 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். மணலும் கல்லும் போக சுமார் 200 லிட்டர் தண்ணீர். கேனிஸ்டர் ஃபில்டர் (தொட்டிக்கு வெளியே வைக்கும் வடிகட்டி), ஹீட்டர் 26 டிகிரியில், பிஎச் (தண்ணீரின் அமில, காரத் தன்மை) 7.4 பக்கம். தரைக்கு நைசான மணல் போட்டேன், கோரிடோரஸ் மணலை வாயில் அள்ளி செவுள் வழியாக வடித்துத் தீனி தேடும் மீன், கூர்மையான சரளையில் விட்டால் மீசை தேய்ந்து புண்ணாகிவிடும். மீன்கள் என்று பார்த்தால் 4 செ.மீ. அளவில் இரண்டு கான்விக்ட் குஞ்சுகள், ஒரு ஃபயர்மவுத் (இந்த மூன்றும் சிக்லிட்), ஆறு வெண்கல நிறக் கோரிடோரஸ், ஒரு பிரிசில்நோஸ் ப்ளெக்கோ (வாயால் ஒட்டிக்கொள்ளும் கெளுத்தி). இடது ஓரத்தில் கவிழ்த்த மண் பூந்தொட்டி, நடுவில் ஒரு மரத்துண்டு, வலது ஓரத்தில் இரண்டு தட்டைக் கல். அவ்வளவுதான்.

முதல் ஏழு மாதம் எந்தச் சத்தமும் இல்லை. கோரிடோரஸ் ஆறும் கூட்டமாகத் தரையைக் கிளறிக்கொண்டு போகும், கான்விக்ட் மேலே நின்று பார்க்கும், தீனி விழுந்தால் மட்டும் ஒரு தள்ளுமுள்ளு. ஃபயர்மவுத் சிவப்புத் தொண்டையை விரித்துக் காட்டி மிரட்டும், கடிக்காது. இந்த ஏழு மாத அமைதிதான் என்னை ஏமாற்றியது. நான் பார்த்துக்கொண்டிருந்தது வயசுக்கு வராத மீன்களை. குஞ்சுப் பருவத்தில் சிக்லிட் யாரோடும் ஒத்துப்போகும், அதை வைத்து ‘என் தொட்டியில் சேர்ந்து வாழ்கிறது’ என்று முடிவுக்கு வருவது தப்பு. இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம், புது ஆட்கள் சொல்லும் ‘ஆறு மாசமா ஒண்ணும் ஆகல’ என்ற சாட்சியம் எல்லாம் பெரும்பாலும் இந்த ஆறு மாசத்தைப் பற்றியதுதான்.

ஏழாம் மாதக் கடைசியில் பெண் கான்விக்டின் வயிற்றில் ஆரஞ்சு நிறம் தீப்பொறி மாதிரி ஏறியது. ஆண் அப்போது 10 செ.மீ. தாண்டியிருந்தது. இரண்டும் சேர்ந்து பூந்தொட்டிக்கு அடியில் மணலை வாயால் அள்ளி வெளியே துப்பின, மறுநாள் காலையில் பூந்தொட்டியின் உள்சுவரில் முட்டை ஒட்டியிருந்தது. டார்ச் அடித்து எண்ணிப் பார்த்தேன், நூற்றைம்பதைத் தாண்டியதும் எண்ணுவதை விட்டுவிட்டேன்.

அன்று சாயங்காலமே அடித்தளம் வேறு நாடாகிவிட்டது. பெண் முட்டையை விட்டு நகராமல் துடுப்பால் விசிறிக்கொண்டே இருந்தது, ஆண் வெளிவட்டத்தில் ரோந்து. அந்த வட்டம் முதல் நாள் ஒரு முழம் இருந்திருக்கும், மூன்றாம் நாள் முட்டை பொரிந்தபோது தொட்டியின் பாதி, குஞ்சு நீந்தத் தொடங்கிய அன்று முக்கால்வாசி. பிரிசில்நோஸ் மரத்துண்டின் அடியில் போய் அப்பிக்கொண்டது. கோரிடோரஸ் மட்டும் ஒன்றும் நடக்காதது போல மீண்டும் மீண்டும் பூந்தொட்டிப் பக்கமே போய்க்கொண்டிருந்தன. நாலாம் நாள் காலையில் மரத்துண்டுக்குப் பின்னால் ஒன்று செத்துக் கிடந்தது, வால் துடுப்பு அடியோடு இல்லை, ஒரு கண் இல்லை. அமோனியா (கழிவிலிருந்து தண்ணீரில் சேரும் விஷம்) சோதித்தேன், லேசாக ஏறியிருந்தது. உடனே மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் மாற்றினேன்.

அப்போதே மீதி ஐந்தையும் பிரித்திருக்க வேண்டும். பிரிக்கவில்லை. வலது பக்கம் இன்னும் ரெண்டு கல்லைப் போட்டு ஒதுங்க இடம் கொடுத்தால் போதும் என்று நினைத்தேன். குஞ்சுகள் நாளுக்கு நாள் குறைந்து, மூன்றாவது வாரம் ஐந்தாறு மட்டும் மிஞ்சியபோது ஜோடியும் காவலைத் தளர்த்தியது, தொட்டி பழையபடி ஆனது. சரி, கண்டம் தாண்டிவிட்டது என்று விட்டுவிட்டேன். ஐந்து வாரம் கழித்து அடுத்த முட்டை. இந்த முறை ஜோடி தேர்ந்தெடுத்த இடம், கோரிடோரஸ் ஒதுங்கட்டும் என்று நான் வலது பக்கம் கட்டி வைத்த அதே கல் இடுக்கு.

இரண்டே இரவில் இரண்டு செத்தன. மூன்றாவதை நான் பார்த்தபோது ஃபில்டர் குழாய்க்கும் கண்ணாடிக்கும் இடையில் செருகிக்கொண்டு அசையாமல் நின்றது. ஆண் கான்விக்ட் ஒரு சாண் தூரத்தில் தலையைத் தாழ்த்தி நிற்கும், விருட்டென்று வந்து முகத்தில் ஒரு இடி, திரும்பப் போகும், மறுபடி வரும். கோரிடோரஸ் ஓடவில்லை. முதுகுத் துடுப்பு முள்ளும் இரண்டு மார்புத் துடுப்பு முள்ளும் விறைத்து நிற்க, அப்படியே உறைந்து கிடந்தது. கண் இருந்த இடம் இரண்டும் வெள்ளைப் படலம்.

அந்தக் காட்சிதான் எனக்கு விஷயத்தைப் புரிய வைத்தது. கோரிடோரஸின் முக்கியமான தற்காப்பு அதுதான். உடம்பு முழுக்க எலும்புத் தகடு, மூன்று முள்ளையும் பூட்டிக்கொண்டு நின்றால் விழுங்க வரும் மீன் தொண்டையில் சிக்கும் என்று பயந்து விட்டுவிடும். விழுங்க வருகிறவனிடம் அது நல்ல தற்காப்பு. ஆனால் கான்விக்ட் விழுங்க வரவில்லை, ‘என் குஞ்சு இருக்கும் இடத்தை விட்டுப் போ’ என்கிறது. போகாமல் நிற்கிற ஒவ்வொரு நொடியும் அதன் கண்ணுக்கு எதிர்ப்பாகத்தான் தெரியும். அசையாமல் நின்றால் இன்னும் அடி விழும், ஓடினாலோ 4 அடிக்கு அப்புறம் கண்ணாடி. ஆற்றில் இதே சண்டை அரை நிமிடத்தில் முடிந்திருக்கும், துரத்தப்பட்டவன் நாலு மீட்டர் தள்ளிப் போய் வேறு வேலை பார்த்திருப்பான்.

இன்னொன்றும் இருக்கிறது, இதை நான் யோசித்ததே இல்லை. கோரிடோரஸ் குடலாலும் மூச்சு விடும். அடிக்கடி விர்ரென்று மேலே போய் ஒரு வாய்க் காற்றை விழுங்கிவிட்டு இறங்கும். முட்டைக்குப் பக்கத்தில் யாராவது திடீரென்று செங்குத்தாகக் கிளம்பி மறுபடி தரைக்குப் பாய்ந்தால் காவல் நிற்கும் ஆண் எப்படி எடுத்துக்கொள்ளும்? நோட்டில் குறித்து வைத்த துரத்தல்களில் பாதிக்கு மேல் இந்த இறங்குமுகத்தில்தான் நடந்தன. ஒளிந்தே கிடக்கலாம் என்று வைத்துக்கொண்டாலும் கோரிடோரஸால் முடியாது, மூச்சுக்காக வெளியே வந்தே ஆக வேண்டும்.

ஆகவே மேல்தட்டு, நடுத்தட்டு, அடித்தட்டு என்று தொட்டியை மாடி வீடு மாதிரி பிரித்து ஆளுக்கொரு மாடி ஒதுக்குகிற பேச்சு, தரையில் முட்டை வைக்கும் சிக்லிட்டுகளுக்குப் பொருந்தவே பொருந்தாது. கான்விக்ட் நடுத்தண்ணீரில் நீந்தும்தான், ஆனால் அது உயிரைக் கொடுத்துக் காக்கும் சொத்து மொத்தமும் தரையில் இருக்கிறது. கெளுத்தியைக் கொண்டுபோய் நாம் விடுகிற இடம் காலி மனை கிடையாது, தொட்டியிலேயே பெரிய தகராறு நடக்கிற இடம் அதுதான்.

மீதி மூன்றையும் அன்று இரவே எடுத்தேன். அதிலும் ஒரு தவறு செய்தேன். வலையை விட்டேன், முதல் மீனின் மார்பு முள் வலைக் கண்ணில் மாட்டிப் பூட்டிக்கொண்டது. இழுத்தால் முள் முறியும், துடுப்பு கிழியும். மீனைத் தண்ணீரிலேயே பிடித்துக்கொண்டு கத்தரியால் வலையை வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று. அடுத்த இரண்டையும் ஒரு பிளாஸ்டிக் டப்பாவைச் சாய்த்து வைத்து, கையால் மெதுவாக ஒதுக்கி உள்ளே வரவைத்தேன். எந்தக் கெளுத்தியானாலும் இப்படித்தான் எடுக்க வேண்டும், வலை வேண்டவே வேண்டாம்.

கண் போனது உட்பட மூன்றையும் 40 லிட்டர் தனித்தொட்டியில் வைத்தேன். மருந்து எதுவும் ஊற்றவில்லை. செம்பு கலந்த மருந்துகளையும் மாலகைட் கிரீனையும் கெளுத்திகள் சரியாகத் தாங்காது, உப்பையும் நான் தவிர்த்தேன். தினமும் கால்வாசித் தண்ணீர் மாற்றம், மங்கிய வெளிச்சம், அவ்வளவுதான். குருடான மீன் ஆறு நாள் எதுவும் தின்னவில்லை. ஏழாம் நாள் ஒரு மாத்திரைத் தீனியைத் தரையில் வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். மணலில் மீசையைத் தட்டித் தட்டிக்கொண்டே வந்தது, தீனியைத் தாண்டிப் போனது, நின்றது, ஒரு அரைவட்டம் அடித்துத் திரும்பி நேராக அதன் மேல் வந்து உட்கார்ந்தது. எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. இப்போதும் உயிரோடு இருக்கிறது, துணைக்கு இன்னும் மூன்று சேர்த்து ஆறாக்கி, சிக்லிட் இல்லாத தொட்டியில் வைத்திருக்கிறேன்.

அடுத்த இரண்டு மாதம் பெரிய தொட்டியில் கெளுத்தி என்றால் பிரிசில்நோஸ் ஒன்றுதான். இதற்கு ஏன் ஒன்றும் ஆகவில்லை என்று கவனித்ததில்தான் மீதிப் பாதி பதில் கிடைத்தது. பகல் முழுக்க ஒரே இடத்தில் அசையாமல் ஒட்டிக் கிடக்கும். மேலே போய்க் காற்று விழுங்கும் பழக்கம் அதற்கு ஏறக்குறைய இல்லை என்றே சொல்லலாம், நல்ல ஆக்சிஜன் உள்ள தண்ணீரில் நான் பார்த்ததே கிடையாது. அதைவிட முக்கியம், பொந்தில் புகுந்து மார்பு முள்ளைப் பக்கவாட்டில் விரித்து அடைத்துக்கொண்டால் எந்தச் சிக்லிட்டாலும் அதைப் பிடுங்க முடியாது, முகமும் கண்ணும் உள்பக்கம், வெளியே தெரிவது தகடு போர்த்திய வால் மட்டும். கான்விக்ட் இரண்டு முறை இடித்துப் பார்த்துவிட்டுப் போய்விடும். அசையாமல் நிற்பது இங்கே வேலை செய்கிறது, ஏனென்றால் கண்ணில் படாமல், முட்டைக்கு எட்டத்தில் நிற்கிறது.

பத்தாம் மாதம் தொட்டியைப் பிரித்துத் திரும்பக் கட்டினேன். இடது ஓரத்துப் பூந்தொட்டியின் வாயை இடது கண்ணாடியைப் பார்த்தபடி திருப்பி வைத்தேன், உள்ளே இருக்கும் மீனுக்குத் தொட்டியின் மற்ற பாகம் தெரியக் கூடாது. நடுவில் பெரிய மரத்துண்டும் கல் அடுக்கும் சேர்ந்து தண்ணீர் மட்டத்துக்கு நாலு விரல் கீழே வரை ஒரு திரை. கல்லை மணல் மேல் வைக்கவில்லை, நேரே அடிக்கண்ணாடியில் மெல்லிய பிளாஸ்டிக் தட்டு விரித்து அதன் மேல் உட்கார வைத்துவிட்டு அப்புறம்தான் மணல் போட்டேன். கான்விக்ட் தோண்டும் தோண்டலுக்கு, மணலில் நிற்கிற கல் ஒருநாள் சரிந்து மீன் மேலோ கண்ணாடி மேலோ விழும். வலது பக்கம் 5 செ.மீ. உள்விட்டமுள்ள பிவிசி குழாய்த் துண்டுகள் மூன்று, ஒவ்வொன்றும் ஒரு முனை அடைத்தது.

இந்தக் குழாய் முதல் வாரமே தோற்றது. ஆண் நுழைய முடியாது என்று அளந்துதான் வாங்கினேன், ஆனால் 7 செ.மீ. பெண் சர்வசாதாரணமாக உள்ளே போனது. போய் முட்டையும் வைத்தது! ஆண் வெளியே காவல், பெண் உள்ளே, வலது பக்கமும் போச்சு. முட்டை பொரிந்து அடங்கியதும் மூன்று குழாயையும் மாற்றினேன். வாயில் ஒரு பிளாஸ்டிக் மூடியை ஒட்டி, அதில் அகலம் கூடுதலாகவும் உயரம் 3 செ.மீ.க்கு உள்ளாகவும் இருக்கும்படி கிடைவாக்கில் வெட்டி, விளிம்பை உப்புத்தாளால் தேய்த்து மழுக்கினேன். சிக்லிட்டின் உடம்பு பக்கவாட்டில் தட்டை, நெட்டுக்கு உயரம். கெளுத்தி மேலிருந்து அமுக்கிய மாதிரி, படுக்கைவாக்கில் அகலம். ஆகவே வட்ட வாசல் இரண்டுக்கும் பொது, கிடைவாசல் கெளுத்திக்கு மட்டும். அதற்கப்புறம் பெண் வாசலில் வந்து எட்டிப் பார்க்கும், ஒருக்களித்து நுழைய முயன்றுகூடப் பார்த்தது, உள்ளே போகவில்லை. இந்த 18 மாதத்தில் நான் செய்ததிலேயே உருப்படியான வேலை இந்த மூடிதான்.

பதினோராம் மாதம் 9 செ.மீ. அளவில் ஒரு வரி ரஃபேல் கெளுத்தி சேர்த்தேன். கறுப்பு உடம்பில் வெள்ளைக் கோடு, விலாவில் கொக்கி மாதிரி முள் வரிசை, பகலில் வெளியே வரவே வராது. டப்பாவில் தூக்கியபோது மார்பு முள்ளை மூட்டில் உரசிக் கரகரவென்று கத்தியது, கையில் அந்த அதிர்வு தெரிந்தது. விளக்கை அணைத்துவிட்டு இரவில் விட்டேன். சிக்லிட் பார்வையை வைத்துச் சண்டை போடும் மீன், இருட்டில் விட்டால் காலையில் புது ஆள் ஏற்கெனவே ஒரு பொந்தில் குடியேறியிருப்பான்.

தீனி வைப்பதையும் மாற்றினேன். மாலையில் இடது பக்கம் மிதக்கும் தீனி, கான்விக்டும் ஃபயர்மவுத்தும் வயிறு நிரம்பத் தின்னட்டும். விளக்கை அணைத்து ஒரு மணி நேரம் கழித்து வலது மூலையில் ஒரு நீளக் குழாயைத் தரை வரை இறக்கி அதன் வழியாக மூழ்கும் மாத்திரை இரண்டு. மாத்திரை நேரே பொந்து வாசலில் போய் விழும். மிச்சத் தீனியே கெளுத்திக்குப் போதும் என்று விடுவது பட்டினி போடுவதற்குச் சமம், பசித்த சிக்லிட் மிச்சம் வைக்காது. அதோடு பிரிசில்நோஸுக்கு மரத்துண்டைச் சுரண்ட வேண்டும், சுரைக்காய்த் துண்டு மாதிரி ஏதாவது காயும் வேண்டும். தீனி கூடியதால் கழிவிலிருந்து சேரும் நைட்ரேட்டும் கூடியது, வாரம் 25 சதவீதமாக இருந்த தண்ணீர் மாற்றத்தை 40 ஆக்கினேன்.

ரஃபேல் வந்த பிறகு நடந்ததையும் சொல்ல வேண்டும். அடுத்த ஈட்டில் நூற்றுக்கு மேல் குஞ்சு நீந்தியது, ஐந்தாவது நாள் காலையில் ஒன்றுகூட இல்லை. கான்விக்ட் பெற்றோர் சாயங்காலம் குஞ்சுகளை வாயில் பொறுக்கிக் குழிக்குள் சேர்த்துக் காவல் இருக்கும், ஆனாலும் இருட்டில் மீசை வைத்துத் தேடுகிறவனிடம் தோற்றுவிடுகிறது. சிவப்புத் தாள் சுற்றிய டார்ச்சில் பார்த்தேன், ரஃபேல் மணலோடு மணலாக ஊர்ந்து வருகிறது, பெண் குறி தப்பி இடிக்கிறது. ஆக கெளுத்தியை ஆதரவற்ற அப்பாவியாகவும் சிக்லிட்டை ரவுடியாகவும் நினைப்பதும் சரியில்லை, கான்விக்டின் கோபத்துக்கு முழு நியாயம் இருக்கிறது. குஞ்சு வளர்க்க நினைக்கிறவர்கள் இரவில் திரியும் கெளுத்தியை அந்தத் தொட்டியில் வைக்கக் கூடாது. எனக்கு நூற்றுக்கணக்கான கான்விக்ட் குஞ்சுக்கு இடம் கிடையாது, அதனால் விட்டுவிட்டேன். குஞ்சு போன மறுநாள் ஆண் பெண்ணைத் துரத்தும், அதற்கு மட்டும் இடது பக்கம் இன்னொரு மறைப்பு வைக்க வேண்டியிருந்தது.

இது கான்விக்ட் கதை, எல்லாச் சிக்லிட்டுக்கும் இதே பாடம் இல்லை. ஆஸ்கார் என்ற பெரிய சிக்லிட்டோடு கோரிடோரஸையோ ஓட்டோசின்க்ளஸ் என்ற குட்டிக் கெளுத்தியையோ சேர்க்கவே கூடாது, அது உண்மையிலேயே விழுங்க முயலும், முள் தொண்டையில் பூட்டிக்கொண்டால் இரண்டு மீனுமே சாகும். சக்கர் மீன் என்று குட்டியாக வாங்கும் சாதாரண ப்ளெக்கோ 40 செ.மீ. தாண்டி வளரும், தீனி போதாவிட்டால் இரவில் ஆஸ்காரின் விலாவில் ஒட்டி வழுவழுப்பைச் சுரண்டித் தின்னும். அங்கே அடி வாங்குவது சிக்லிட். ஆப்பிரிக்காவின் மலாவி ஏரியிலிருந்து வரும் ம்புனா சிக்லிட்டுகளுக்குத் தண்ணீர் கடினமாக, பிஎச் 8 பக்கம் இருக்க வேண்டும், அதில் தென்னமெரிக்க மென்னீர்க் கெளுத்தியைப் போட்டு வதைப்பதைவிட ஆப்பிரிக்கச் சைனோடான்டிஸ் கெளுத்தி வகைகளைப் பார்ப்பது நல்லது, வேகமாக ஓடும், கூட்டமாகப் பொந்தில் அடங்கும். பிஎச் ஏற ஏற அதே அளவு அமோனியாவின் விஷமும் ஏறும் என்பதால் அந்தத் தொட்டிகளில் தண்ணீர் மாற்றத்தில் அலட்சியமே கூடாது.

டாங்கனிக்கா ஏரியின் புள்ளிச் சைனோடான்டிஸ் இருக்கிறதே, அது இன்னும் ஒரு படி மேல். வாயில் குஞ்சு காக்கும் சிக்லிட் முட்டையிடும் நொடியில் நடுவே பாய்ந்து, அதன் முட்டையைத் தின்றுகொண்டே தன் முட்டையை இட்டுவிட்டுப் போகும். தாய் சிக்லிட் எல்லாவற்றையும் சேர்த்து வாயில் அள்ளிக்கொள்ளும். கெளுத்திக் குஞ்சு முதலில் பொரிந்து, தாயின் வாய்க்குள்ளேயே சிக்லிட் குஞ்சுகளைத் தின்று வளரும். குயில் முட்டையைக் காக்கை அடைகாப்பது மாதிரிதான், ஆனால் தண்ணீருக்கு அடியில், வாய்க்குள்.

இப்போது 18 மாதம் முடிந்திருக்கிறது. ஆண் கான்விக்ட் 12 செ.மீ., ஜோடி ஆறேழு வாரத்துக்கு ஒருமுறை முட்டை வைக்கிறது. ஏழு மாதமாகப் பெரிய தொட்டியில் கெளுத்தி எதுவும் சாகவில்லை, பிரிசில்நோஸின் வாலில் இரண்டு முறை கிழிசல், இரண்டும் ஆறிவிட்டன. ரஃபேல் 13 செ.மீ. ஆகிவிட்டது, 20 செ.மீ. தாண்டும் மீன், பதினைந்து வருடமாவது இருக்கும். போன வாரம் சிவப்பு வெளிச்சத்தில் பார்த்தபோது பொந்து வாசலில் மூன்று முறை பின்வாங்கி, விலா முள் மூடி விளிம்பில் உரச உரசத்தான் உள்ளே போனது. வாசலை அரை செ.மீ. உயர்த்தினால் பெண் கான்விக்ட் திரும்பவும் நுழைந்துவிடும். அதனால் உயரத்தைத் தொடாமல் அகலத்தை மட்டும் கூட்டி, குழாயையும் பெரிய விட்டத்தில் வெட்டி வைத்திருக்கிறேன், விளிம்பைத் தேய்த்து மழுக்கும் வேலை மட்டும் பாக்கி இருக்கிறது.